பேய்ப் பள்ளத்தாக்கின் உடையும் பலகைகள்

ஆண்டு விழா மலர் என்றால் அதில் வள்ளுவர் பற்றியும் தாய்மொழியின் சிறப்புப் பற்றியும் பெற்றோரின் கடமை பற்றியும் கட்டுரைகள் இடம்பெறுவது வழக்கம். அவை இடம்பெறத்தான் வேண்டும். எனினும் இம்மலரின் சில பக்கங்களை நாம் ஒரு வீடியோ விளையாட்டிற்கு, அதிலும் அவ்விளையாட்டில் உள்ள ஒரேயொரு ஓட்டப் பாதைக்கு ஒதுக்கத் துணிந்துள்ளோம். பெற்றோருட் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். மாணவர்கள் மலரைக் கையில் எடுத்ததும் முதலில் இப்பக்கத்தையே புரட்டவுங் கூடும். இரு சாராருக்கும் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. எம் பிள்ளைகள் எதைப் பற்றி மணிக்கணக்காக வாதிடுகிறார்களோ அதைப் பற்றித் தமிழில் வாதிட இயலாது போனால், தமிழ் அவர்களுக்கு வார இறுதிக் காலைப் பொழுதின் மொழியாக மட்டுமே நின்றுவிடும். ஆகவே ஒரு வாதத்தையே இங்கு முன்வைக்கிறோம்.

1992ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் யப்பானிய நிறுவனமான நின்டெண்டோ ‘சூப்பர் மரியோ கார்ட்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. தடாஷி சுகியாமா, ஹிடெகி கொன்னோ ஆகிய இருவரும் அதனை இயக்கினர். ஷிகெரு மியமோட்டோ தயாரிப்பாளர். எட்டுப் பேர் சிறு வண்டிகளில் ஏறி ஐந்து சுற்று ஓட வேண்டும். மொத்தம் 20 பாதைகள். இன்று இப்பாடசாலைக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் தந்தையர், தாய்மாரிற் சிலர் தம் சிறு வயதில் அதனை விளையாடிய தலைமுறையினர் என்பதையும் இங்கே மெதுவாக நினைவூட்டுகிறோம். அந்த 20 பாதைகளுள் மூன்றுக்குப் ‘பேய்ப் பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும் பெயர் இடப்பட்டிருந்தது. கீழே கரிய இருள். அதன்மேல் மரப்பலகைகளால் ஆன ஒடுங்கிய பாதை. சுற்றிலும் வெண்ணிறப் பேய்கள். தவறி விழுந்தவரை முகிலில் அமர்ந்திருக்கும் ஓர் ஆமை தூண்டிலாற் தூக்கி மீண்டும் பாதையில் விடும். அதற்குள் மற்றவர்கள் கடந்து போய்விடுவார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் உண்மையிற் பள்ளமே இல்லை என்பதுதான் வியப்பு. அக்காலத்துப் பொறியினால் உண்மையான முப்பரிமாண உலகை வேகமாக வரைய முடியாது. ஒரு தட்டையான படத்தைச் சுழற்றியும் பெருக்கியும் சிறுப்பித்தும் காட்ட அதனால் முடியும். விரித்த பாயின் ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் அப்பாய் தொலைவரை நீண்டு கிடப்பதுபோல் தோன்றுமல்லவா? அதே தந்திரம்தான். அதற்கு வேண்டிய கணக்குகளை விரைந்து செய்யவென விளையாட்டுப் பேழையினுள்ளேயே தனியாக ஒரு சில்லும் பொருத்தப்பட்டிருந்தது. தரை முழுவதும் ஒரே தட்டம் என்பதால் மேடு கிடையாது, மலை கிடையாது, சுவருக்கு உயரங்கூடக் கிடையாது. இருளும் பலகையும் வேலியும் ஒரே பாயில் தீட்டிய நிறங்கள். கரிய நிறத்தின்மேல் வண்டி சென்றால் அது விழ வேண்டும் என்று ஒரு விதி, அவ்வளவே. கறுப்பு நிறமும் ஒரு விதியும் சேர்ந்து பிள்ளைகளின் வயிற்றைக் கலக்கின.

ஆனால் அப்பாதையை நாம் பெரிதும் மதிப்பதற்குக் காரணம் இருள் அன்று. அதன் ஓரத்தில் அடுக்கியிருந்த பலகைக் கட்டைகளே காரணம். மற்றைய பாதைகளிற் சுவரில் மோதினால் வண்டி பின்னோக்கித் தெறிக்கும். சுவர் அப்படியே இருக்கும். பேய்ப் பள்ளத்தாக்கிலோ மோதிய கட்டை மறைந்துவிடும். ஒரு முறை அது உங்களைக் காப்பாற்றும். அடுத்த முறை அதே இடத்தில் வழுக்கினால் தடுப்பதற்கு எதுவும் இராது. முதலாஞ் சுற்றிற் செய்த பிழை நான்காஞ் சுற்றில் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். அதுமட்டுமன்று, உங்களுக்கு முன்னே சென்றவர் செய்த பிழையும் உங்களுக்காகக் காத்திருக்கும். ஓட்டத்தின் தொடக்கத்திற் கண்ட பாதையும் முடிவிற் காணும் பாதையும் ஒன்றல்ல. ஓடுகிறவர்கள் ஓட ஓடப் பாதையை மாற்றிக்கொண்டே போகிறார்கள். பேய் வீடு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நாம் வேறெந்த விளையாட்டிலும் கண்டதில்லை. முன்பு நடந்தது போகாமல் அங்கேயே தங்கியிருப்பதுதானே பேய்?

இனி, பின்னர் வந்தவற்றைப் பார்ப்போம். 1996இல் யப்பானில் வெளியான மரியோ கார்ட் 64இல் ஏரியின்மேல் அமைந்த ஒரு பேய்ப் பலகைப் பாதை இருந்தது. அங்கே வேலி உடையவில்லை. மாறாகச் சில வளைவுகளில் வேலியே இல்லாமல் விட்டிருந்தார்கள். பழைய எண்ணத்தின் நல்ல மறுபிறப்பு என்று அதனைச் சொல்லலாம். 2001இல் கைக்கு அடக்கமான பொறிக்கு வந்த பதிப்பு, 1992ஆம் ஆண்டின் 20 பாதைகளையும் மீண்டும் தந்தது. 2008இல் வீ பொறிக்கான பதிப்பில் இரண்டாம் பேய்ப் பள்ளத்தாக்கு மெய்யான முப்பரிமாணத்திற் புதுப்பிக்கப்பட்டது. 2005இல் வந்த லூயிஜியின் மாளிகைப் பாதை 2011இல் மீண்டும் வந்தபோது, சிறகு விரித்துப் பறக்கும் வசதியையும் பெற்றது. 2014இல் மரியோ கார்ட் 8இன் கோணல் மாளிகையில் தரை அலையாய் எழுந்தது, வண்டிகள் சுவரில் ஏறின, நீருக்கடியிலும் ஓடின. 2001இன் பேய் ஏரி 2022இல் அதே விளையாட்டின் மேம்பட்ட பதிப்பிற் புதுப்பிக்கப்பட்டபோது அதற்கும் நீரடிப் பாதை கிடைத்தது. 2025இல் வெளியான மரியோ கார்ட் வேர்ல்டில் பேய்கள் ஒரு திரையரங்கிற்கே குடியேறிவிட்டன.

இவற்றுட் பல கண்ணுக்கு இனியவை. கோணல் மாளிகையை நாம் குறை கூற மாட்டோம். அது தொடக்கத்திலிருந்தே புதிதாகக் கட்டிய வீடு, தன் காலத்துக் கருவிகளைக் கொண்டு கட்டிய வீடு. எமது முறைப்பாடு பழைய பாதையைப் புதுப்பிக்கும் முறைபற்றியதே. புதுப்பித்தல் என்றதும் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள், மூடுபனி பரப்புகிறார்கள், சிலந்தி வலை தொங்கவிடுகிறார்கள். ஒரு பறக்கும் மேடையும் ஒரு நீர்க்குழியும் சேர்க்கிறார்கள். அவை அனைத்தும் எந்தப் பாதைக்கும் பொருந்தும் அணிகலன்கள். பேய்ப் பள்ளத்தாக்கைப் பேய்ப் பள்ளத்தாக்காக்கியது உடையும் பலகை. அதனை ஓரங்கட்டிவிட்டு இருளை மட்டும் அழகுபடுத்துவது, பழைய வீட்டின் முகப்புக்கு வர்ணம் பூசிவிட்டுக் கிணற்றைத் தூர்ப்பது போன்றதாகும்.

பலகை உடைவதை அப்படியே கொண்டுவந்தால் என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். அப்படியே கொண்டுவர முடியாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்கிறோம். 1992இல் ஓடியவர்கள் எட்டுப் பேர். 2008இன் வீ பதிப்பிற் பன்னிருவர். 2025இன் விளையாட்டில் 24 பேர். இருபத்து நால்வர் முண்டியடித்துக்கொண்டு ஒரு வளைவில் நுழைந்தால், முதலாஞ் சுற்று முடியுமுன்னரே அங்கே ஒரு பலகையும் மிஞ்சாது. அந்த வெறுமையில் விழப்போகிறவர் யார்? முன்னால் ஓடுபவர் அல்லர். அவர் பலகைகள் முழுமையாக இருந்தபோதே கடந்து போய்விட்டார். பின்னால் வருபவரே விழுவார். வீடுகளில் எப்பொழுதும் பின்னால் வருபவர் அக்காவோ அண்ணாவோ அல்லர். இப்பொழுதுதான் கட்டுப்படுத்தியைப் பிடிக்கப் பழகிய ஆறு வயதுத் தம்பி. வலியவர் செய்த பிழைக்கு மெலியவர் விழுவது நல்ல விளையாட்டாகாது.

இதற்கு எளிய மருந்து வேலியைப் பலப்படுத்துவது. நாம் வேறொரு மருந்தைச் சொல்கிறோம். உடைந்த இடம் ஒரு வாசலாகட்டும். வளைவின் வெளிப்பக்கத்துப் பலகை உடைந்தால் ஆபத்து. அது அப்படியே இருக்கட்டும். உட்பக்கத்துப் பலகை உடைந்தால் அங்கே ஒரு குறுக்குவழி திறக்கட்டும். இடையே ஒரு பிளவு. அதற்கு அப்பால் பாதையின் அடுத்த பகுதி. துணிந்து பாய்ந்தால் மூன்று வளைவுகள் மிச்சம். முதலில் வருபவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். அவர்களின் முண்டியடிப்பே பின்வருபவருக்கு அதனைத் திறந்துவிடும். 1992இன் விளையாட்டில் இறகு என்னும் ஒரு பொருள் இருந்தது. அதைப் பெற்றவர் உயரப் பாய்ந்து பிளவுகளைத் தாண்டலாம். முதலாம் பேய்ப் பள்ளத்தாக்கில் அப்படித் தாண்டக்கூடிய இடமும் உண்டு. நீண்ட காலம் காணாமற் போயிருந்த அந்த இறகு 2017இல் மோதல் ஆட்டத்திற்கெனத் திரும்பி வந்தது. அதனைப் பின்வரிசையில் ஓடுபவருக்கே கூடுதலாக வழங்கினால் எமது வாசல்கள் வீணாகா.

சிறுவர்கள் விழுந்துகொண்டே இருந்தால் அழுவார்களே என்று பெற்றோர் கேட்பதும் நியாயமே. அதற்கு விடை ஏற்கெனவே வந்துவிட்டது. 2017ஆம் ஆண்டின் மரியோ கார்ட் 8 டீலக்ஸில் வண்டி பாதையை விட்டு விலகாதபடி தானே திருப்பிக் காக்கும் ஒரு வசதி உண்டு. வேண்டியவர் அதனை இயக்கலாம், வேண்டாதவர் அணைக்கலாம். இயக்கியவருக்குச் சில குறுக்குவழிகள் கிட்டா. இது மிக நேர்மையான ஏற்பாடு என்பது எம் கருத்து. துணை வேண்டிய பிள்ளைக்குத் துணையை அவன் வண்டியிலேயே வைத்தாயிற்று. அப்படியிருக்க, அவனுக்காக என்று சொல்லிப் பள்ளத்தாக்கு முழுவதையும் வேலியடைக்க வேண்டிய தேவை இல்லை.

பேய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எமது ஊர்களின் பேய் புளியமரத்தடியில் நின்று, நாம் திரும்பிப் பார்த்தால் பிடிக்கும் என்று கதை. “பின்னால் யார் கூப்பிட்டாலும் திரும்பாதே” என்று அம்மம்மாமார் சொல்லித்தானே அனுப்பினார்கள்! மரியோவின் பேய் இதற்கு நேர்மாறானது. 1988இல் வெளியான மூன்றாம் சூப்பர் மரியோ விளையாட்டில் அது முதன்முதலாகத் தோன்றியது. நாம் முதுகைக் காட்டினால் துரத்தும். திரும்பிப் பார்த்தால் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு நின்றுவிடும். யப்பானியர் அதனைத் தெரேசா என்று அழைக்கின்றனர். வெட்கப்படுதலைக் குறிக்கும் யப்பானியச் சொல்லை ஒத்த பெயர் அது. இத்துணை நல்ல குணத்தை வைத்துக்கொண்டு, ஓட்டப் பாதைகளில் அப்பேய்களைப் பெரும்பாலும் தோரணமாகவே தொங்கவிட்டிருக்கிறார்கள் என்பது எமக்குப் பெருங்குறை.

பின்னால் திரும்பிப் பார்க்கும் வசதி இவ்விளையாட்டிற்குப் புதிதன்று. 1992இலேயே தனியாக ஓடுபவரின் திரையிற் கீழ்ப்பாதியைப் பின்புறக் கண்ணாடியாக மாற்றிக்கொள்ளலாம். புதிய பள்ளத்தாக்கில் இதற்கு ஒரு வேலை கொடுக்கலாம். ஒரு பேய் உங்கள் பின்னால் மெல்லத் தொடர்கிறது என வைத்துக்கொள்வோம். நெருங்கினால் உங்களிடமுள்ள நாணயமொன்றைப் பறிக்கும். திரும்பிப் பார்த்தால் வெட்கப்பட்டு நிற்கும். ஆனால் திரும்பிப் பார்க்கும் அந்தக் கணத்தில் முன்னே உடைந்து கிடக்கும் பலகை உங்கள் கண்ணிற் படாது. எப்பொழுது பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை ஓடுகிறவரே முடிவு செய்ய வேண்டும். அம்மம்மாவின் அறிவுரையும் யப்பானியப் பேயின் வெட்கமும் ஒரே வளைவில் மோதிக்கொள்ளும். இதற்கு மூடுபனியும் வேண்டாம், சிலந்தி வலையும் வேண்டாம்.

இன்னொரு பேயும் உண்டு. தனியே நேரத்தோடு போட்டியிடும்போது, உங்களின் முந்தைய ஓட்டமே ஒளியுருவாய் உங்களுடன் ஓடும். அதற்கும் ஆங்கிலத்திற் பேய் என்றே பெயர். அது பலகையை உடைக்கக் கூடாது என்பது எம் எண்ணம். ஆனால் நேற்று அது விழுந்த இடத்தில் இன்று ஒரு சிறு கீறலாவது தெரியட்டும். இதில் எம்முட் சிலருக்கு உடன்பாடில்லை. நேரப் போட்டியிற் பாதை ஒவ்வொரு முறையும் புத்தம் புதிதாகவே இருக்க வேண்டும், இல்லையேல் நேரங்களை ஒப்பிட முடியாது என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் பொருள் உண்டு.

உயர்தர வகுப்பு மாணவர்கள் இந்தப் பாதையைக் கட்டக் கொப்பியில் வரைந்து பார்க்கலாம். 1992இன் பாதைகளும் சிறு சதுரங்களை அடுக்கி அமைத்தவையே என்பதால் அதற்குக் கணினி கட்டாயமன்று. மூன்று நிறப் பென்சில் போதும்: பலகைக்கு ஒன்று, இருளுக்கு ஒன்று, உடையக்கூடிய கட்டைக்கு ஒன்று. வளைவு, மேடு, பிளவு, விளிம்பு, குறுக்குவழி, தடுப்பு என்று பெயர்களைத் தமிழிலேயே எழுதுங்கள். எழுதியபின் எதிரே இருப்பவரை உங்கள் பாதையில் விரலால் ஓடச் சொல்லி, அவர் மோதும் ஒவ்வொரு கட்டையையும் அழித்துக்கொண்டு வாருங்கள். ஐந்தாஞ் சுற்றில் அவருடைய விரல் செல்ல வழி மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். மிஞ்சாவிட்டால் கட்டைகள் மிகுதி. விரல் ஒருமுறையேனும் தயங்காவிட்டால் கட்டைகள் குறைவு. உட்பக்கத்துப் பிளவு எத்தனை சதுரம் அகலம் இருக்க வேண்டும் என்பதில்தான் சண்டை வரும். நான்கு என்பது எம் கட்சி.