பழைய பவர் டில்லர்: விலையைவிட நாள் முக்கியம்

தேரி மண்ணில் விவசாயம் செய்பவருக்கு மழை பெய்வது மட்டும் போதாது. பெய்த இரண்டு, மூன்று நாள்களுக்குள் உழவு நடக்க வேண்டும். களிமண்ணும் கரிசலும் ஈரத்தை வாரக்கணக்கில் பிடித்து வைக்கும். மணப்பாடு, உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் அப்படியல்ல. மேல் மண்ணின் ஈரம் கீழே இறங்கிவிடும், மிச்சத்தைக் காற்று கொண்டுபோய்விடும். அந்த மூன்று நாளும் ஊரில் எல்லோருக்கும் ஒரே மூன்று நாள்தான். வாடகை டிராக்டர் உங்கள் வயலுக்கு வருவதற்குள் பதம் போய்விடுகிறது.

அதனால்தான் இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர் பழைய பவர் டில்லர் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ள நினைக்கிறார்கள். மணலில் பாய்ந்தோடும் நான்கு சக்கர ‘ஏ.டி.வி.’ வண்டிகளைக் காணொளியில் பார்த்துவிட்டு அதைப் பற்றிக் கேட்கும் இளைஞர்களும் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பண்ணைகளில் ஆடு மேய்க்கவும் மருந்து தெளிக்கவும் அது உதவுகிறது. உழவுக்கு அது ஏற்றதல்ல. உழவு, களையெடுப்பு, டிரெய்லர் மாட்டினால் உரமும் விளைபொருளும் ஏற்றுவது என்று நம் சிறு நிலத்துக்கு வேண்டிய எல்லா வேலையும் செய்வது பவர் டில்லர்தான்.

பழைய இயந்திரம் வாங்குவதை நான் ஆதரிக்கிறேன். ஆனால், விலை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். உரிய நாளில் கைவசம் இருக்கும் என்பதற்காக வாங்குங்கள். அந்த நாளில் அது ஓடவில்லை என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்திருந்தாலும் நஷ்டமே.

எந்த மண்ணில் உழைத்தது?

பழைய இயந்திரம் பார்க்கப் போகும்போது எத்தனை வருடம் ஆனது என்றுதான் முதலில் கேட்கிறோம். எந்த மண்ணில் ஓடியது என்பதே அதைவிட முக்கியமான கேள்வி. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் நெல் வயலில் சேற்றுழவு செய்த இயந்திரத்துக்கு ஆயில் சீல்களும் ரோட்டரிப் பெட்டியும் முதலில் கெடும். தேரியில் ஓடியதற்கு எஞ்சினின் உள்பாகம் தேயும். மணல் தூசி ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் அரைத்துவிடும். ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். விரலில் செம்மண் ஒட்டினால், எஞ்சினைப் பிரிக்கும் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் கூச்சமில்லாமல் கேளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டிய மழை அது. மூழ்கிய இயந்திரத்தைப் பெயின்ட் அடித்து நிறுத்தினால் வெளியே தெரியாது. எஞ்சின் ஆயில், கியர் ஆயில் இரண்டையும் சிறிது வடித்துப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள்.

நீங்கள் போவதற்கு முன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் உண்மை தெரியும். கைப்பிடி போட்டுச் சுற்றும்போது எதிர்ப்பே இல்லாமல் லேசாகச் சுற்றினால் அழுத்தம் குறைந்துவிட்டது. சூடான பிறகும் நீலப்புகை நிற்கவில்லை என்றால் ஆயில் எரிகிறது. சுமை இல்லாதபோதே கறுப்புப்புகை வந்தால் ஏர் ஃபில்டரையும் டீசல் நாசிலையும் பார்க்க வேண்டும்.

உதிரிபாகம் பக்கத்து ஊரில் கிடைக்குமா என்பதும் முக்கியம். சீனாவிலிருந்து வந்த பவர் டில்லர்கள் ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்தன. 2020 ஜூலையில் பவர் டில்லர், அதன் முக்கிய பாகங்கள் ஆகியவற்றின் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பழைய சந்தையில் அந்த இயந்திரம் கிடைத்தால், பாகம் கிடைக்கும் கடையை முதலில் கண்டுபிடித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

ஒரு கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகப் புதிய பவர் டில்லருக்கு, உச்சவரம்புக்கு உட்பட்டு, சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் கிடைக்கிறது. பழைய இயந்திரத்தின் விலையும் பழுதுச் செலவும் சேர்ந்து, மானியம் போகப் புதியதற்கு நீங்கள் தரும் தொகையை நெருங்கினால், பழையதை விட்டுவிடுங்கள். பழையது மானியத்தில் வாங்கியதாக இருந்தால், விற்பதற்கான நிபந்தனைக் காலம் முடிந்துவிட்டதா என்று உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். அசல் பில்லும், எஞ்சின் எண், சேஸிஸ் எண் பொருத்தமும் இல்லாமல் பணம் கைமாறக் கூடாது.

கச்சான் காலம் பட்டறைக்கு

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று தேரியைப் புரட்டி எடுக்கும். அந்த மாதங்களில் பவர் டில்லரை நிலத்தில் இறக்கவே கூடாது என்பது என் கருத்து. காய்ந்த தேரியில் ரோட்டரி ஓட்டினால் மேல் மண் மாவாகும். அந்த மாவைக் காற்று அடுத்த வீட்டு வயலுக்குக் கொண்டுபோகும். தேரியில் கொஞ்சநஞ்சம் இருக்கும் மக்கும் அதில்தான் இருக்கிறது. இயந்திரமும் அந்தத் தூசியைத்தான் குடிக்கும். மண்ணையும் எஞ்சினையும் ஒரே நாளில் கெடுக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஆகவே காற்று மாதங்களைப் பழுது பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். கூரைக்குள் வைத்து, இந்த வரிசையில் பாருங்கள். முதலில் டீசல் டேங்கைக் கழற்றிக் கழுவி, ஃபில்டரை மாற்றுங்கள். எஞ்சின், கியர் பெட்டி, ரோட்டரிச் செயின் பெட்டி மூன்றுக்கும் ஆயில் மாற்றி, கசியும் சீல்களைப் புதிதாகப் போடுங்கள். பெல்ட்டுகளில் ஒன்று தேய்ந்தாலும் முழுச் செட்டையும் மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் புதியது மட்டுமே சுமை தாங்கிச் சீக்கிரம் அறுந்துபோகும். தேய்ந்த கத்திகளையும் அவற்றின் போல்ட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பெல்ட் மூடி, ரோட்டரி மூடி இரண்டும் இல்லாத இயந்திரத்துக்கு முதல் செலவே அவைதான். பழைய இயந்திரங்களில் இந்த மூடிகள் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். பின்னோக்கி எடுக்கும்போது ரோட்டரியை நிறுத்திவிட்டே எடுக்க வேண்டும். ஓட்டுபவரின் கால் கத்தியில் சிக்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீர் இந்தக் கடற்கரைக்கே உரிய பிரச்சினை. கடல்நீர் உட்புகுந்து உவர்ந்துபோன கிணறுகள் இங்கே நிறைய. அந்தத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து எஞ்சின் சூடேறும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள், அல்லது கூலன்ட் வாங்குங்கள்.

உப்புக் காற்றோடு இயந்திரம் வைத்துப் பிழைப்பது எப்படி என்பதை மணப்பாட்டு மீனவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். கடலிலிருந்து வந்ததும் படகு எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவுவதும், மூடி வைப்பதும், போல்ட்டுக்குக் கிரீஸ் தடவுவதும் அவர்களுக்குப் பழக்கம். டில்லரை வேப்ப மரத்தடியில் மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு, மழை வந்த அன்று போய்க் கைப்பிடி சுற்றுவது நம் பழக்கம். படகு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக்குகள் டீசல் எஞ்சினும் அறிந்தவர்கள். அவர்களையும் அணுகுங்கள்.

ஓட்டுவதற்கு ஏற்ற நாள்

தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 650 மி.மீ. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. உங்கள் இயந்திரத்துக்கு உண்மையான வேலை நாள்கள் அப்போதுதான்.

மழை விட்ட மறுநாள் காலை, நான்கு விரற்கடை ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து அழுத்துங்கள். புட்டு மாவுபோல் பிடித்து நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். பிடிக்கவே இல்லை என்றால் காய்ந்துவிட்டது. சக்கரம் புதையும், தூசி பறக்கும். தண்ணீர் கசிந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். ஈர மணல் சக்கரத்தைத் தாங்கும், தூசி எழாது, டீசலும் மிச்சம்.

காலை 6 மணி முதல் 10 மணி வரை நல்ல நேரம். வெயில் ஏறி, கடற்காற்று எழும்பிய பிறகு ஈரம் வேகமாகப் போகும். பின்னால் நடப்பவரும் சோர்ந்துவிடுவார். மாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டலாம். 12, 13 குதிரைத்திறன் டில்லர் மணிக்கு ஏறத்தாழ கால் ஏக்கர் உழும். அப்படியானால் ஒரு நாளைக்கு ஒன்றரை ஏக்கர், மூன்று நாளில் நான்கரை ஏக்கர். அண்ணன் தம்பியோ பக்கத்து நிலத்துக்காரரோ கூட்டாக வாங்குவதாக இருந்தால், மொத்த நிலம் இந்த அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பதம் பிடிப்பதில் சண்டைதான் மிஞ்சும்.

ஒரு முறை உழுதால் போதும். இயந்திரம் சொந்தமாயிற்றே என்று இரண்டு, மூன்று முறை ஓட்ட வேண்டாம். முருங்கை, தென்னை இடைவெளியில் மேலோட்டமாகக் களையை மட்டும் வெட்டிப் போடுங்கள். பனை மூட்டை ஒட்டிப் போகாதீர்கள். அதன் வேர்த்திரள் கத்தியை உடைக்கும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேளாண்மைப் பொறியியல் துறை நடத்தும் இயந்திரப் பராமரிப்பு முகாம்கள் மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடக் கூடாது. உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரங்களில், ஆவணி மாதத்துக்குள், உதிரிபாகக் கடைக்காரர்களையும் அழைத்து அவை நடக்க வேண்டும். மழை தொடங்கிய பிறகு நடக்கும் முகாமால் தேரி விவசாயிக்குப் பயனில்லை. புதிய இயந்திரங்களுக்கு மானியம் கொடுக்கும் அரசு, ஏற்கெனவே ஊரில் துருப்பிடித்து நிற்கும் இயந்திரங்களை ஓட வைப்பதற்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கினால், அதே பணத்தில் இன்னும் பல ஏக்கர் பதம் தவறாமல் உழவாகும்.

அரசு அதைச் செய்யும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். ஆடி பிறந்ததும் டில்லரின் தார்ப்பாயை விலக்கிப் பாருங்கள்.