பழம் பாசறைகளும் உலோகங்காண் கருவியும்

பழம்பொருள் நாடுவாரிடையே இக்காலத்தில் ஒரு புதிய வழக்கம் பரவி வருகின்றது. நீண்ட கோலொன்றின் நுனியில் வட்டமான கம்பிச்சுருள் பூட்டிய கருவியைக் கையிலேந்தி, படைகள் முன்னாளில் தங்கியிருந்த வெளிகளில் அங்குலம் அங்குலமாக நடந்து, ஒலி கேட்ட இடத்தைத் தோண்டி, துப்பாக்கிக் குண்டு, பொத்தான், காசு, வாளின் முறிந்த துண்டு ஆகியவற்றை எடுத்துச் செல்வதே அது. மேனாடுகளில் பலர்க்கு இது விடுமுறைப் பொழுதுபோக்காகிவிட்டது. நம் நாட்டிலும் இக்கருவி எளிதில் விலைக்குக் கிடைக்கின்றது. புதையல் ஆசை அதனை வாங்கத் தூண்டுகின்றது. காவிரிக்கு இரு மருங்கும் போர்ப்பாளையங்கள் நிறைந்திருந்த திருச்சிராப்பள்ளியில் கல்வி பயிலும் நாம் இவ்வழக்கத்தை வரவேற்பதா, விலக்குவதா என்பதை ஆராய்தல் தகும்.

முதற்கண் நம் மண்ணின் செய்தியை நினைவு கூர்வோம். 1751-ஆம் ஆண்டில் சந்தாசாகிபும் பிரஞ்சுக்காரரும் திருச்சிராப்பள்ளிக் கோட்டையை முற்றுகையிட்டனர். கோட்டைக்குள் இருந்தவர் முகம்மது அலி. அவர்க்குத் துணை நின்றோர் ஆங்கிலக் கும்பினியார். 1752-ஆம் ஆண்டின் வேனிலில் லாரன்சும் கிளைவும் படையுடன் வந்து சேரவே, பிரஞ்சுத் தளகர்த்தராகிய ழாக் லா என்பார் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கத் தீவிற்குப் பின்வாங்கினார். திருவானைக்காவின் மதில்களும் ஸ்ரீரங்கத்தின் மதில்களும் படைவீடுகளாயின. கிளைவு கொள்ளிடத்தின் வடகரை சென்று சமயபுரத்தில் பாளையமிறங்கி வழியை அடைத்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் லா சரணடைந்தார். தஞ்சைத் தளபதி மானாஜியிடம் அடைக்கலம் புகுந்த சந்தாசாகிபு உயிரிழந்தார். 1753-இல் மீண்டும் போர் மூண்டது. மைசூர்ப் படையும் மராட்டியக் குதிரைப்படையும் பிரஞ்சுக்காரருடன் சேர்ந்தன. ஜூன் மாதத்தில் பொன்மலையிலும், செப்டம்பர் மாதத்தில் அதற்கு அண்மையிலுள்ள பாறைகளைச் சூழ்ந்தும் கடும்போர் நிகழ்ந்தது. 1754-ஆம் ஆண்டின் முடிவில் உடன்படிக்கை ஏற்படுமளவும் இவ்வூரின் வயலும் தோப்பும் ஆற்றங்கரையும் மாறி மாறிப் பாசறைகளாகவே இருந்தன.

பல்லாயிரவர் மாதக்கணக்கில் தங்கிய இடத்தில் யாதும் எஞ்சாது போகுமோ? ஈயக்குண்டும் இரும்புத்துண்டும் பித்தளைக் கொக்கியும் மண்ணில் வீழ்ந்தே தீரும். அவற்றைக் காட்டித் தருவது இக்கருவி. கம்பிச்சுருளில் திசைமாறி ஓடும் மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றது. அப்புலம் நிலத்தடியிலுள்ள உலோகத்தைத் தொட்டவுடன் அதனுள் சிறு மின்னோட்டம் பிறக்கின்றது. அது தானும் ஒரு காந்தப்புலத்தை எழுப்ப, கருவி அதனை உணர்ந்து ஒலிக்கின்றது. 1881-இல் அமெரிக்கத் தலைவர் கார்பீல்டின் உடலில் தைத்த குண்டினைத் தேடுதற்கு அலெக்சாந்தர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றையே பயன்படுத்தினார். ஆனால் குண்டு அகப்படவில்லை. இன்றைய கருவிகள் மிகத் திருந்தியவை. எனினும், சிறு குண்டாயின் ஏறத்தாழ ஓரடி ஆழத்திற்கு மேல் அவை காண்டல் அரிது. ஒலித்தது பழங்குண்டோ, நேற்றெறிந்த சோடாப் புட்டியின் மூடியோ என்பதையும் தோண்டாமல் துணிதல் இயலாது.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. தோண்டியெடுத்த ஈயக்குண்டிற்குத் தன்னளவில் மதிப்பு யாது? பழைய இரும்புக் கடையில் அதற்குச் சில காசுகளே கிடைக்கும். அதன் மதிப்பெல்லாம் அது கிடந்த இடத்திலேயே உள்ளது. அக்காலத்து ஆங்கிலத் துப்பாக்கியின் குழல் வாய் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். பிரஞ்சுத் துப்பாக்கியின் வாய் ஏறத்தாழ 17.5 மில்லிமீட்டர். குண்டுகளும் அதற்கேற்ப வேறுபடும். ஆதலின் குண்டின் பருமனை அளந்தால் அஃது எப்பக்கத்தாருடையது என்பதைப் பெரும்பாலும் ஊகிக்கலாம். உருக்குலைந்து தட்டையான குண்டு சுடப்பட்டது. உருண்டை குலையாதது பெரும்பாலும் கைதவறி வீழ்ந்தது. சுடப்பட்ட குண்டுகள் ஒரு வரிசையிலும் வீழ்ந்த குண்டுகள் மற்றொரு வரிசையிலும் கிடக்குமாயின், அணி எங்கே நின்றது, எத்திசை நோக்கிச் சுட்டது என்பன புலனாகும். இவ்வளவையும் கூறவல்ல சாட்சியை, இடங்குறியாமல் பிடுங்கிச் சட்டைப்பையிற் போட்டுக்கொள்வோன் அச்சாட்சியின் நாவை அறுத்தவனாகின்றான். வெறும் ஈயமே அவன் கையில் எஞ்சுகின்றது.

இப்போரைப் பற்றி நூல்கள் இருக்க மண்ணின் சாட்சி எதற்கு என்று வினவுவார் உளர். உண்மை, ராபர்ட் ஓர்ம் என்பார் 1763-இல் வெளியிட்ட வரலாற்றில் திருச்சிராப்பள்ளிப் போர்கள் விரிவாகவே கூறப்பட்டுள்ளன. புதுச்சேரியில் துய்ப்ளேக்சிடம் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பும் அக்காலத்தை நமக்குக் காட்டுகின்றது. ஆயினும் அவற்றைப் படித்துப் பாருங்கள். ஐரோப்பியத் தலைவர்களைப் பெயர் பெயராகக் கூறும் வரலாறு, சிப்பாய்களைப் பெரும்பாலும் தொகைகளாகவே கூறுகின்றது. இத்தனை நூறு பேர் சென்றனர், இத்தனை பேர் மாண்டனர் என்பதோடு அவர்தம் கதை முடிந்தது. அவரோ நம்மவர், இருபக்கத்தும் நின்றவர் பெரும்பாலார் இந்நாட்டவரே. கும்பினிச் சிப்பாயாக இவ்வூரில் பெயரெடுத்த யூசுப்கானைப்போல் ஒரு சிலரே ஏட்டில் இடம் பெற்றனர். ஏனையோர் நாட்குறிப்பு எழுதவில்லை, நினைவுக்கல்லும் பெறவில்லை. அவர்கள் நின்ற இடத்தையும் நின்ற விதத்தையும் கூறத்தக்கவை, அவர்கள் துப்பாக்கியினின்று உதிர்ந்த பொருள்களே. அவற்றையும் இழப்போமாயின், அவர்களை இருமுறை இழந்தவராவோம்.

இது வீண் கற்பனையன்று. அமெரிக்காவில் மொண்டானா நாட்டின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் 1876-இல் கஸ்டர் என்பாரின் படையை அந்நாட்டுப் பூர்வகுடிகள் அழித்தனர். வென்றவர்தம் வாய்மொழியை நூலாசிரியர் பலர் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1983-இல் அங்கே மூண்ட தீயால் புல் எரிந்து நிலம் வெளிப்பட்டது. மறுவருடம் ஆய்வாளர் இதே உலோகங்காண் கருவியைத் தொண்டர்களிடம் கொடுத்து வரிசையாக நடக்கச் செய்தனர். ஒலித்த இடந்தோறும் சிறுகொடி நட்டு, ஒவ்வொரு பொருளின் இடத்தையும் அளந்து படத்திற் குறித்தனர். தோட்டா உறைகளில் பதிந்த அடையாளங்களைக் கொண்டு ஒரே துப்பாக்கி களத்தில் எவ்வாறு இடம் மாறிச் சென்றது என்பதையும் அறிந்தனர். பூர்வகுடிகள் கூறியவற்றிற் பலவற்றிற்கு மண்ணே சான்று பகர்ந்தது. கருவி ஒன்றே, அளவுகோலும் ஏடும் அதனுடன் சென்றமையால் அது கல்விக்குக் கருவியாயிற்று.

“நாங்கள் எடாவிடினும் வீடு கட்டுவோரின் இயந்திரம் எல்லாவற்றையும் அள்ளிச் செல்லுமே, அதனினும் நாங்கள் எடுத்துக் காப்பது நன்றன்றோ?” என்பது தேடுவோர் கூற்று. இதில் உண்மையுண்டு, அதனை மறைத்தல் நேர்மையன்று. கோட்டைச் சுவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டன, அகழியும் தூர்ந்தது. பொன்மலையைச் சார்ந்து இரயில்வேத் தொழிற்சாலையும் குடியிருப்பும் எழுந்தன. தென்னந்தோப்புகள் மனைகளாக மாறுதலை நாடோறும் காண்கின்றோம். இங்கிலாந்தில் 1997 முதல் நடைபெறும் பதிவுத் திட்டமொன்றில், தேடுவோர் தாமே முன்வந்து காட்டிய பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட பொருள்கள் இடத்தோடு குறிக்கப்பெற்றுள்ளன. ஆனால் அங்கே பொருளைப் பார்த்துப் பதிய அலுவலர் உளர். அத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில் கருவியை மட்டும் பரவவிடுதல், கணக்கன் இல்லாத களஞ்சியத்தைத் திறந்து விடுதலை ஒக்கும்.

சட்டமும் இதனை அறியாததன்று. மண்ணில் மறைந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளைக் கண்டெடுப்போன் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும் என 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டம் விதித்தது. பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் உரிமமின்றி அகழ்தலை 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவானைக்காத் திருக்கோயிலில் நிலத்தைத் தோண்டியபொழுது 505 பொற்காசுகள் அகப்பட, அவை அதிகாரிகளிடம் ஒப்புவிக்கப்பட்டன. பொன்னுக்குக் காட்டும் இந்நேர்மையை ஈயத்திற்கும் காட்டுதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அன்றியும், பழைய வெடிகுண்டு எத்தனை ஆண்டாயினும் நம்பத்தக்கதன்று. அறியாதார் அதனை அசைத்தல் உயிருக்கே கேடாம்.

ஆதலின் நாம் வேண்டுவது தடை மட்டுமன்று, முறையான தேடல். முதலில் கருவியே வேண்டா. வரலாற்று மாணவர் பழைய நூல்களிலும் படங்களிலும் காணும் பாசறைகளை இன்றைய நிலப்படத்தில் குறிக்கட்டும். தமிழ் மாணவர் ஊர்ப்பெரியோரிடம் வயற்பெயரும் தோப்புப்பெயரும் கேட்டுத் தொகுக்கட்டும். பௌதிக மாணவர் கருவியின் இயல்பைக் கற்கட்டும். பின்னர்த் தொல்லியல் துறையாரின் இசைவும் நிலத்துக்குரியார் இசைவும் பெற்று, அத்துறையார் முன்னிலையில், கட்டடம் எழவிருக்கும் இடங்களில் முதற்கண் தேடலாம். கண்ட பொருள் இராணி மங்கம்மாள் மகாலிலுள்ள அரசு அருங்காட்சியகத்தைச் சேர்தல் வேண்டும்; எவர் வீட்டுக் கண்ணாடிப் பேழையையும் அன்று.

இக்கல்லூரியிற் பயின்று இன்று பொறியாளராகவும் வருவாய்த்துறை அலுவலராகவும் மனை விற்போராகவும் விளங்கும் பழைய மாணவர் பலர். கடைக்கால் தோண்டும் நாளில் அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. மண்வெட்டியில் ஈயக்குண்டு தட்டுப்பட்டால், வேலையைச் சிறிது நிறுத்தி, அவ்விடத்தை அளந்து எழுதி, துறையாருக்கு ஒரு சொல் அனுப்புங்கள். ஒரு மணி நேரத் தாமதத்தால் வீடு குறைபடாது. பெயரற்று மாண்ட ஒரு சிப்பாய் இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் எங்கே நின்றான் என்பது அதனால் தெரியவரலாம்.