சந்நியாசி நண்டுக்கு ஆகாரம்
ஆட்டையாம்பட்டி முறுக்கின் பெருமை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால், கடற்கரைக்குப் போன குழந்தைகள் ஆசையாய்க் கொண்டுவரும் சந்நியாசி நண்டுக்கு அதை நொறுக்கிப் போடுவது உபசாரமாகாது. எண்ணெயில் பொரித்த பண்டம் அதற்கு ஒவ்வாது.

பெயர்தான் சந்நியாசி, சைவ விரதம் கிடையாது. கரையில் வாழும் இந்த ஜாதி, தேங்காய்க் கீற்று, கனிந்த பழம், முருங்கைக் கீரை, உப்பிடாமல் அவித்த மீன் எல்லாம் உண்ணும். முக்கியமாக வேண்டியது சுண்ணாம்புச் சத்து. நத்தை விட்டுப்போன கூட்டில் இரவல் குடியிருந்தாலும், உடலின் மேல்தோட்டைத் தானேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். தோடு கழற்றியபின் பழையதையே தின்பதும் அந்தச் சத்துக்காகத்தான். குப்பையென்று அதை அகற்றலாகாது. முட்டையோட்டைக் கொதிக்கவைத்து, உலர்த்திப் பொடித்து வைக்கலாம்.

நல்ல தண்ணீரும் கடல்நீரும் தனித்தனிக் கிண்ணங்களில் வேண்டும். சேலம் ஜில்லாவில் கடலேது என்பவர்கள், நண்டைக் கரையிலேயே விட்டுவிட்டு, முறுக்கை மட்டும் வீட்டுக்கு வாங்கிச் செல்வது உத்தமம்.