கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள்!

சென்ற செமஸ்டரில் ஒரு நாள் இரவு 11 மணிக்கு என் சித்தப்பா மகள் போன் செய்தாள். புது லேப்டாப் வாங்கி, கல்லூரி லேப் பயிற்சிக்காக விண்டோஸுக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷின் அமைத்து அதில் லினக்ஸ் நிறுவியிருந்தாள். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மணிக்குள் புரோகிராமை அனுப்பியாக வேண்டும். கரண்ட் போய் ரவுட்டர் அணைந்துவிட்டதால் செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியிருக்கிறாள். "அண்ணா, விண்டோஸ்ல நெட் வருது. லினக்ஸ்ல மட்டும் வரலை."

நானோ சாஃப்ட்வேர் என்ஜினீயர். யோசிக்காமல், "நெட்வொர்க் டிரைவர் போயிருக்கும், எடுத்துட்டு மறுபடி போடு" என்றேன். அரை மணி நேரம் வீண். டிரைவர் மீது தப்பே இல்லை.

விர்ச்சுவல் மெஷினில் இருக்கும் நெட்வொர்க் கார்டு நிஜக் கார்டு அல்ல. இன்டெல் புரோ/1000 போன்ற பழைய கார்டாக சாஃப்ட்வேர் வேஷம் போடுகிறது. வெளியே நீங்கள் வை-ஃபையில் இருந்தாலும், உள்ளே இருக்கும் லினக்ஸ் தன்னைக் கேபிளில் இணைந்த கம்ப்யூட்டர் என்றே நம்புகிறது. நிஜக் கார்டில் கேபிளைப் பிடுங்கினால் டிரைவர் உடனே ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்லிவிடும். மறுபடி செருகியதும் புது ஐ.பி. முகவரி கேட்டு வாங்கிக்கொள்ளும். இங்கே வெளியே நெட்வொர்க்கே மாறியும், உள்ளே கற்பனைக் கேபிள் செருகியபடியே இருந்தது. டிரைவருக்கு யாரும் சேதி சொல்லவில்லை. வீட்டு ரவுட்டர் கொடுத்த பழைய முகவரியையே அது பிடித்துக்கொண்டிருந்தது.

இது புரிந்தபோது மணி 11.40. கற்பனைக் கேபிளைப் பிடுங்கிச் செருகச் சொன்னேன். விர்ச்சுவல்பாக்ஸ் உபயோகிப்பவர்களுக்கு இது டிவைசஸ் மெனுவில், நெட்வொர்க் என்பதன் கீழே இருக்கிறது. கனெக்ட் நெட்வொர்க் அடாப்டர் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு, சில விநாடி கழித்து மறுபடி போடுங்கள்.

அவளுக்கு இந்தத் தொல்லை வந்ததற்கே காரணம், யாரோ சீனியர் 'பிரிட்ஜ்டு' முறைதான் வேகம் என்று சொல்லி மாற்றி வைத்ததுதான். அந்த முறையில் விர்ச்சுவல் மெஷின் உங்கள் ரவுட்டரிடம் நேரடியாகத் தனி முகவரி வாங்குகிறது. ரவுட்டர் மாறினால் முகவரி செல்லாது. விர்ச்சுவல்பாக்ஸ் தானாகத் தரும் 'நேட்' முறையில் முகவரியை அந்த சாஃப்ட்வேரே கொடுக்கிறது. வழக்கமாக 10.0.2.15. வெளியே எந்த நெட்வொர்க் வந்தாலும் அது மாறாது. இன்னொரு கம்ப்யூட்டர் உங்கள் விர்ச்சுவல் மெஷினைத் தொடர்பு கொள்ள வேண்டும் என்றால் ஒழிய, புதியவர்கள் பிரிட்ஜ்டு பக்கம் போகவே வேண்டாம் என்பேன். நேட்டிலும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. விண்டோஸ் வைத்திருக்கும் டி.என்.எஸ். முகவரி உள்ளே போவதால், நெட்வொர்க் மாறியதும் சில சமயம் வெப்சைட் திறக்காது. அதற்கும் அதே டிக் வைத்தியம்தான்.

எனக்கு ஒரு குறை உண்டு. பெரிய சர்வர் அறைகளில் ஓடும் விர்ச்சுவல் மெஷினை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், "நான் இடம் மாறிவிட்டேன்" என்று நெட்வொர்க் முழுக்க அறிவிக்கும் வசதி அங்கே வெகு காலமாக இருக்கிறது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறை அறையாய்ப் போகும் நமக்கு, ஒரு நொடி கேபிளைப் பிடுங்கியது போல் காட்டும் அந்த வேலையைத் தானாக, தவறாமல் செய்து கொடுத்தால் என்ன?

11.52-க்கு அவள் புரோகிராம் போய்ச் சேர்ந்தது. பிரிட்ஜ்டை நேட்டாக மாற்றியது மறுநாள் காலையில்தான்.