நோன்புக்கு முதல் டொக்டரிடம் போங்க

போன ரமழானில் உம்மா அஸருக்குப் பிறகு மயங்கி விழுந்தா. சீனி 54. காலையில் போடுற சீனிக் குளிசையை அளவு மாற்றாமல் ஸஹரில் போட்டிருக்கிறா. "நோன்பை விடச் சொல்லுவார்" என்ற பயத்தில் டொக்டரிடம் வாயே திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிழை இரண்டு பக்கமும்தான். ரமழானுக்கு 6-8 கிழமைக்கு முதலே போனால் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார்கள். விரலில் குத்திச் சீனி பார்த்தால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே இறங்கினால் உடனே திறக்கத்தான் வேணும். நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான்: பிறகு கழா செய்யலாம், அதுவும் முடியாதவர் ஃபித்யா கொடுக்கலாம்.

டொக்டர்மாரே, ரஜபிலேயே "நோன்பு பிடிப்பீங்களா?" என்று கேளுங்கள். உம்மாமாரே, மறைக்காமல் சொல்லுங்கள்.