நுரையீரல் அறுவைக்குப் பிறகு இம்யூனோதெரபி யாருக்கு?

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் நிறைய. இரும்பு வார்ப்பு வேலையும் வெல்டிங் புகையும் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பீடி, சிகரெட் தனிக் கணக்கு. இங்கிருந்து சென்னைக்குப் போய்க் கட்டியை அறுத்தெடுத்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசி போட்டால் நோய் திரும்பாமல் இருக்குமா?

சிலருக்கு நல்ல பலன் உண்டு, சிலருக்கு இல்லை. நாம் யார் பக்கம் என்பதை, அறுத்தெடுத்த கட்டியைச் சோதித்தால் பெருமளவு தெரிந்துகொள்ளலாம்.

இந்த ஆசை புதிதல்ல. நுரையீரல் அறுவைக்குப் பின் நெஞ்சுக்கூட்டில் சீழ் பிடித்தவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் வாழ்ந்ததை 1970-களில் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் கவனித்தார்கள். கிருமி வந்து எதிர்ப்பாற்றலை உசுப்பிவிட்டிருக்கும் என்று எண்ணி, காசநோய்த் தடுப்பு மருந்தான பிசிஜியை நெஞ்சுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். 1976-ல் வெளியான சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. பெரிய அளவில் சோதித்தபோது பலன் தெரியவில்லை. வேறொரு பாக்டீரியாவைச் செலுத்திய ஆய்வில், போட்டுக்கொண்டவர்களின் நிலை போடாதவர்களைவிட மோசமானது. பின்னர் 2,200-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட மேஜ்-ஏ3 என்ற புற்றுநோய்த் தடுப்பூசியும் தோற்றதை 2016-ல் வெளியான முடிவுகள் காட்டின.

சிறிய ஆய்வு தரும் நம்பிக்கையைப் பெரிய ஆய்வு உடைப்பதைத் திருவள்ளூர் நேரிலேயே கண்டிருக்கிறது. 1968-ல், திருவள்ளூரையும் உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோரிடம் பிசிஜி சோதிக்கப்பட்டது. பெரியவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து அது காக்கவில்லை என்று அந்த ஆய்வு உலகுக்குச் சொன்னது. அதே பிசிஜி, சிறுநீர்ப்பையின் மேற்பரப்பில் வரும் புற்றுநோய்க்கு இன்றும் முக்கியமான மருந்து. எந்த நோய்க்கு, யாருக்கு என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும்.

இன்று பேசப்படும் இம்யூனோதெரபி வேலை செய்யும் விதம் வேறு. ஆலை வாசலில் காவலாளி எல்லோரையும் சோதிக்கிறார். போலி கேட் பாஸ் காட்டி ஒருவன் நுழைந்துவிடுகிறான். புற்றுநோய்ச் செல்களில் பல, பிடி-எல்1 என்ற புரதத்தை அப்படிக் காட்டி எதிர்ப்புச் செல்களிடமிருந்து தப்புகின்றன. அந்தப் பாஸ் செல்லாமல் செய்வதே இம்மருந்துகளின் வேலை. இதற்கு வழி திறந்த ஆய்வுகளுக்காக ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பலன் எவ்வளவு? இரண்டு அளவைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நோய் திரும்பாமல் இருக்கும் காலம் ஒன்று, ஆயுள் இன்னொன்று. இவ்வகை மருந்தான அட்டிசோலிசுமாப்பை அறுவையும் கீமோவும் முடிந்த 1,005 பேரிடம் சோதித்த ஆய்வில், பிடி-எல்1 உள்ளவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. ஆயுள் கூடியதற்கான அறிகுறி, கட்டியின் செல்களில் 50 விழுக்காட்டிலோ அதற்கு மேலோ பிடி-எல்1 இருந்தவர்களிடம்தான் வலுவாகத் தெரிந்தது. அறுவைக்குப் பின் மட்டும் கொடுத்த டுர்வாலுமாப் என்ற இதே வகை மருந்து, 2024-ல் வெளியான முடிவுகளின்படி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அறுவைக்கு முன்பே கீமோவுடன் தொடங்கிப் பின்னும் தொடர்ந்த பெம்ப்ரோலிசுமாப் ஆய்வில், மூன்று ஆண்டுக்குப் பின் 100-க்கு 71 பேர் உயிரோடு இருந்தார்கள். கீமோவும் அறுவையும் மட்டும் பெற்றவர்களில் 64 பேர். ஆகவே இந்தக் கேள்வியை அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே கேட்பது நல்லது.

இந்திய நோயாளிகளுக்கு இன்னொரு செய்தியும் முக்கியம். இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் இங்கே மேலை நாடுகளைவிட அதிகம். புகைபிடிக்காதவர்களிடம் இன்னும் அதிகம். இவர்களுக்கு இம்யூனோதெரபி பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. ஓசிமெர்டினிப் மாத்திரை கைகொடுக்கிறது: அறுவைக்குப் பின் அதைச் சாப்பிட்டவர்களில் 88 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள், சாப்பிடாதவர்களில் 78. பரிசோதிக்காமல் ஊசிக்குக் கடன் வாங்குவது, பணத்தோடு சரியான மருந்தையும் இழப்பதாகிவிடும்.

அறுத்தெடுத்த திசுவை மெழுகில் பதித்த சிறு கட்டியை ஆய்வகத்தில் 'பிளாக்' என்பார்கள். இ.ஜி.எஃப்.ஆர்., ஆல்க் என்ற இன்னொரு மரபணு மாற்றம், பிடி-எல்1 மூன்றையும் அதிலிருந்தே பார்த்துவிடலாம். மருத்துவமனை மாறினால் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.

பக்கவிளைவுகளையும் மறைக்கக் கூடாது. தூண்டப்பட்ட எதிர்ப்பாற்றல் சிலருக்குத் தைராய்டையோ குடலையோ கல்லீரலையோ மிச்ச நுரையீரலையோ தாக்கலாம். முன்பு காசநோய் வந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அது மீண்டும் தலைதூக்கிய நிகழ்வுகள் உண்டு. சிகிச்சைக் காலத்தில் புதிதாக மூச்சு வாங்கினால் அடுத்த ஊசி நாள் வரை காத்திருக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தி கூட்டும் என்று விற்கப்படும் பொடிகளும் டானிக்குகளும் இந்த நோயில் ஆயுளைக் கூட்டியதற்கு ஆதாரம் இல்லை.

சிகிச்சையால் வேலைக்குப் போக முடியாத காலத்துக்கும் வழி உண்டு: இஎஸ்ஐ-யில் பதிவாகித் தகுதி பெற்ற தொழிலாளிக்குப் புற்றுநோய்க்காக இரண்டு ஆண்டு வரை 80 விழுக்காடு ஊதியம் கிடைக்கும். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் விடாமல் பதிவு செய்வது ஆலைகளின் கடமை.

இவை எல்லாம் அறுவை செய்யும் கட்டத்தில் நோய் பிடிபட்டால்தான். நம் ஊரில் பலருக்கு நுரையீரல் புற்றுநோய் காசநோய் என்றே கருதப்பட்டு, மாதங்கள் வீணாகின்றன. சளியில் காசநோய்க் கிருமி இல்லை, மருந்துக்கும் இருமல் அடங்கவில்லை என்றால் சி.டி. ஸ்கேன் எடுக்கத் தாமதிக்காதீர்கள்.