ஸ்பீக்கருக்கு ஆணி வேண்டாம், ரப்பர் போதும்!

கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு நாம் அடுத்து தேடுவது ஸ்பீக்கர்தான். பெரும்பாலும் அது 2.1 செட்டாக இருக்கும். அதாவது இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள், பேஸ் ஒலிக்கு ஒரு சப் ஊஃபர் பெட்டி. பெரம்பலூரில் இருக்கும் என் மைத்துனரும் இதைத்தான் வாங்கினார். கூடவே, சப் ஊஃபருக்கு அடியில் திருகி மாட்டும் நான்கு கூர்மையான ஆணிக் கால்கள். இவற்றை ஸ்பைக் என்பார்கள். "மச்சான், இதை மாட்டினா பேஸ் சுத்தமா கேட்கும்னு கடையில சொன்னாங்க" என்றார். மாட்டினோம். பாட்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை. பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தியதும் புது டைல்ஸில் கீறல் விழுந்ததுதான் மிச்சம்!

ஸ்பைக்கை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். தரை முழுவதும் கார்ப்பெட் விரித்த வீடுகளில் அதற்கு வேலை இருக்கிறது. உயரமான ஸ்பீக்கர் மெத்தென்ற கார்ப்பெட்டில் ஆடும். ஆணி கார்ப்பெட்டைத் துளைத்துக் கீழே உள்ள கெட்டித் தரையில் ஊன்றிக் கொள்ளும்.

நம் கதை வேறு. அரியலூரோ சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் பெயர் போன ஊர். அங்கேயும் பெரம்பலூரிலும் பெரும்பாலான வீடுகளில் சிமென்ட் தரை, மொசைக் அல்லது டைல்ஸ்தான். பெட்டி ஏற்கெனவே அசையாமல்தான் நிற்கிறது. பிறகு ஆணி எதற்கு?

ஒரு சின்னக் கணக்கு. 10 கிலோ பெட்டி நான்கு ஆணிகளில் நின்றால், ஒவ்வொன்றிலும் 2.5 கிலோ. ஆணி முனை 1 சதுர மில்லிமீட்டர் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 250 கிலோ அழுத்தம்! அந்த நிலையில் பெட்டியை இழுத்தால் டைல்ஸ் என்ன ஆகும்?

நமக்கு உண்மையான பிரச்சினை தரையில் இல்லை, மேஜையில் இருக்கிறது. ஸ்பீக்கரின் கோன் முன்னும் பின்னும் அசையும்போது பெட்டியும் லேசாக உதறுகிறது. மெல்லிய பார்ட்டிகிள் போர்டு மேஜை அந்த உதறலை வாங்கிக் கொண்டு தானும் ஒலிக்கிறது. பாட்டு ஓடும்போது மேஜை மீது உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம் ஹார்ட் டிஸ்க். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் கிரெக், 2008-ல் எடுத்த ஒரு வீடியோவில் ஹார்ட் டிஸ்க் அடுக்கின் முன் நின்று உரக்கக் கத்தினார். உடனே டிஸ்க்குகள் தாமதமாக வேலை செய்ததைத் திரையில் இருந்த வரைபடம் காட்டியது. அவர் டிஸ்க்கைத் தொடவே இல்லை, வெறும் சத்தம்தான்! எனவே சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர் என்றால் சப் ஊஃபரை அதே மேஜையில் வைக்காதீர்கள். தரைக்கு இறக்கி விடுங்கள். எஸ்எஸ்டி இருந்தால் இந்தக் கவலை இல்லை. அதில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது.

சரி, எந்தக் கால் வாங்குவது? என் ஓட்டு ரப்பருக்கே. ஆனால் எல்லா ரப்பரும் உதவாது. பெட்டியை வைத்ததும் ரப்பர் சுமார் 1 மில்லிமீட்டராவது அமுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் அதிர்வு நேராக இறங்கிவிடும். அதற்காக அப்பளம் போல் நசுங்கிவிடும் மெல்லிய ஸ்பாஞ்சும் கூடாது. அமுங்கிய பிறகும் துள்ள இடம் இருக்க வேண்டும்.

காசு செலவழிக்கும் முன் பழைய ஹவாய் செருப்பை நான்கு துண்டாக வெட்டி வைத்துப் பாருங்கள். மேஜை ரொம்ப அதிர்ந்தால் ரப்பரின் மேல் ஒரு கடப்பா கல் துண்டை வைத்து, அதன் மேல் ஸ்பீக்கரை வையுங்கள். கனம் கூடினால் உதறல் குறையும். ஒரு எச்சரிக்கை: சில சப் ஊஃபர்களில் ஸ்பீக்கர் அடிப்பக்கம் பார்த்தபடி இருக்கும். அவற்றின் உயரமான கால்களைக் கழற்றி விடாதீர்கள். அந்த இடைவெளி வழியாகத்தான் ஒலி வெளியே வருகிறது.

ரப்பர் வைத்தால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாதா என்று கேட்காதீர்கள், போகும். ரப்பர் தடுப்பது பெட்டியின் உதறலை மட்டும்தான், காற்றில் போகும் ஒலியை அல்ல. அதற்கு மருந்து பேஸ் குமிழைக் குறைப்பதுதான். பெட்டியைச் சுவர் மூலையிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தாலும் பேஸ் அடங்கும். சிறிய ஸ்பீக்கர்கள் இரண்டையும் காது உயரத்துக்கு ஏற்றி, உங்களைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். ஒரு பைசா செலவில்லாத இந்த மாற்றம் எந்த ஆணியும் தராத தெளிவைத் தரும்.

என் மைத்துனர் வீட்டில் ஆணிகள் இப்போது மேஜை டிராயரில் தூங்குகின்றன. சப் ஊஃபர் செருப்புத் துண்டுகள் மேல் நிற்கிறது. பாட்டு நன்றாகவே கேட்கிறது!